கொழுந்து பறிக்கிற கேம்: மூணாவது ஆட்டத்துலயே பசங்களுக்குச் சலிச்சுப்போகுது, எதை மாத்தணும்?

கட்டபெட்டு (கேள்வி)

வணக்கம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பசங்களோட சேர்ந்து ஸ்க்ராட்ச் 3-ல (பிளாக்குகளை அடுக்கி ப்ரோகிராம் பண்ற மென்பொருள்) ஒரு சின்ன கேம் பண்ணியிருக்கோம். தேயிலைத் தோட்டம்தான் களம். 480-க்கு 360 புள்ளி திரையில மூணு வரிசை, வரிசைக்கு நாலு செடி, மொத்தம் 12. அம்புக்குறி கீயால ஆளை நகர்த்தணும். செடியைத் தொட்டுக்கிட்டு ஸ்பேஸ் கீயை அமுக்கினா கொழுந்து பறிச்ச மாதிரி, ஒரு மார்க். பறிச்ச செடி 3 விநாடியில மறுபடி துளிர்க்கும். நடு வரிசைப் பாதையில ஒரு காட்டுமாடு இடமும் வலமுமா நடக்கும். அது மேல பட்டா ஆட்டம் முடிஞ்சது. மொத்தம் 60 விநாடி.

முதல் ஆட்டம் ஆர்வமா ஆடுறாங்க. மூணாவது ஆட்டத்துல கையை எடுத்துடறாங்க. பாட்டு சேர்த்தோம். 50 மார்க் எடுத்தா நட்சத்திரம் கொடுத்தோம். காட்டுமாடு இன்னும் வேகமா நடக்கிற மாதிரி ரெண்டாவது, மூணாவது லெவலும் போட்டோம். ஒண்ணும் மாறலை.

பசங்க சொல்ற குறை ரெண்டு. கீயை அமுக்கினா ஆள் ஒரு அடி வெச்சு, ஒரு கணம் நின்னு, அப்புறம்தான் ஓடுறான். இன்னொண்ணு, "நான் தாண்டிட்டேன், ஆனாலும் செத்துட்டேன்".

எளிமையான கேம் ஒண்ணு விறுவிறுப்பா இருக்கிறதுக்கும் சப்புன்னு போறதுக்கும் எது காரணம்? இந்த ப்ராஜெக்ட்ல எந்த எண்ணை, எந்த பிளாக்கை மாத்தணும்னு சொன்னா உதவியா இருக்கும். லேப்டாப் எல்லாம் பழசு.

---

அரவங்காடு

டீச்சர், பாட்டையும் நட்சத்திரத்தையும் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. உங்க கேம்ல ஆடுறவன் யோசிக்க ஒண்ணுமே இல்லை. எந்தக் கணத்துல நிறுத்திக் கேட்டாலும் சரியான பதில் ஒண்ணுதான்: பக்கத்துல துளிர்த்த செடிக்குப் போ. அதை ஒரு ஆட்டத்துலயே பிள்ளை கண்டுபிடிச்சுடும். அப்புறம் மிச்சம் இருக்கிறது விரல் வேலை மட்டும்.

மேல இருந்து விழுற கட்டைகளை அடுக்கி, நிறைஞ்ச வரியை அழிக்கிற டெட்ரிஸை எடுத்துக்குங்க. 1989-ல நின்டெண்டோ வெளியிட்ட வடிவத்துல, ஆரம்ப லெவல்ல ஒரு வரி அழிச்சா 40 புள்ளி. நாலு வரியை ஒரே அடியா அழிச்சா 1200. ஒவ்வொண்ணா நாலு தடவை அழிச்சா 160-தான் கிடைக்கும். அதனால ஆடுறவன் ஓரத்துல ஒரு குழியை வேணும்னே விட்டுட்டு, நீளக் கட்டைக்காகக் காத்திருக்கான். காத்திருக்கிற ஒவ்வொரு நொடியும் அடுக்கு மேல ஏறுது. இப்பவே கிடைக்கிறதை எடுத்துக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா? அந்தத் தவிப்புதான் ஆட்டம். மத்ததெல்லாம் அலங்காரம்.

உங்க தோட்டத்துலயே அந்தத் தவிப்பு இருக்கு. பறிக்கிற கொழுந்து பையில சேருது, எடை போட்டாத்தான் காசு. அதையே விதியாக்குங்க.

"பாரம்"னு ஒரு வேரியபிள் (எண்ணைச் சேமிச்சு வைக்கிற பெட்டி). பறிச்சா பாரம் 1 கூடும், மார்க் கூடாது. திரையோட இடது கீழ் மூலையில எடை ஷெட். அங்க போய்த் தொட்டாத்தான் மார்க். மார்க் கணக்கு: பாரம் × பாரம் ÷ 10. அஞ்சஞ்சா நாலு தடவை போட்டா 10 மார்க். பத்துப் பத்தா ரெண்டு தடவை போட்டா 20. இருபதையும் ஒரே மூச்சில கொண்டுபோனா 40. பையோட கொள்ளளவு 20.

இது மட்டும் இருந்தா எல்லாரும் 20 வரைக்கும் நிரப்புவாங்க, மறுபடியும் ஒரே பதில். அதனால பாரம் ஏற ஏற நடை குறையணும். ஒரு ஃப்ரேமுக்கு (திரையை ஒரு தடவை புதுசா வரையிறதுக்கு) நகர்ற தூரம் = 6 − (பாரம் ÷ 8). ஸ்க்ராட்ச் விநாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும். வெறும் பையோட இருந்தா விநாடிக்கு 180 புள்ளி தூரம், திரையைக் குறுக்கே கடக்க 2.7 விநாடி. பை நிறைஞ்சா 3.5 × 30 = 105, கடக்க 4.6 விநாடி. காட்டுமாட்டோட வேகத்தை 3-ல வைங்க. நிறைஞ்ச பையோட ஓடினாலும் மயிரிழையில தப்பிக்கலாம். அதை 4 ஆக்கினீங்கன்னா நிறைபாரக்காரன் தப்பவே முடியாது, ரெண்டே ஆட்டத்துல பையை நிரப்புறதையே விட்டுடுவாங்க. இந்த ஒரு எண்லதான் ஆட்டமே நிக்குது.

மாடு தொட்டா ஆட்டம் முடிஞ்சதுங்கிறதையும் எடுத்துடுங்க. பையில இருக்கிறது கொட்டிப்போகட்டும், போதும். வெறும் பையோட இருக்கிறவனுக்குப் பயமே இல்லை, 18 வெச்சிருக்கிறவனுக்கு நெஞ்சு அடிச்சுக்கும். எவ்வளவு பயப்படணும்ங்கிறதை ஆடுறவனே முடிவு பண்றான்.

இது நல்லா ஓடின பிறகு ரெண்டாவது விதி. துளிர்த்த கொழுந்து, அந்த ரெண்டு இலை ஒரு மொட்டு, 8 விநாடி வரைக்கும்தான் இளசு. அப்புறம் முற்றிப்போகும். முற்றின இலையைப் பறிச்சா பாரம் ஏறும், மார்க் கணக்குல சேராது. பறிக்காம விட்டா அந்தச் செடி மறுபடி துளிர்க்காது. அதுக்கு "நல்ல இலை"ன்னு தனி வேரியபிள் வெச்சு, மார்க் கணக்கை நல்ல இலை × நல்ல இலை ÷ 10-ன்னு மாத்திக்குங்க. நடைவேகத்துக்குப் பாரம், மார்க்குக்கு நல்ல இலை. செடியைச் சுத்தம் பண்ண பையில இடத்தை வீணாக்கலாமா, இல்லை அந்த மூலையை அப்படியே கைவிடலாமா? இதுவும் ஒரு தவிப்பு.

ரெண்டையும் ஒரே நாள்ல போட்டுடாதீங்க. எது வேலை செஞ்சதுன்னு அப்புறம் பிரிச்சுப் பார்க்க முடியாது.

---

பெருமாள்மலை

அரவங்காடு சொன்னதுல மறுக்க ஒண்ணும் இல்லை. ஆனா பசங்க சொன்ன ரெண்டு குறையை முதல்ல சரி பண்ணணும். கை சொன்னபடி கேட்கலைன்னா எந்த விதியும் எடுபடாது.

ஓர் அடி வெச்சு நிக்கிறதுக்குக் காரணம், நகர்த்துற வேலையை "வென் கீ ப்ரெஸ்ட்" தலைப்பு பிளாக்குக்குக் கீழே வெச்சிருப்பீங்க. கீயை அமுக்கிப் பிடிச்சா கணினி முதல் எழுத்தைத் தட்டிட்டு, கொஞ்சம் காத்திருந்துதான் அதையே தொடர்ந்து தட்டும். டைப் பண்றப்ப அது வசதி, ஓடுறப்ப தொல்லை. பச்சைக்கொடிக்குக் கீழே ஒரு ஃபாரெவர் (திரும்பத் திரும்ப ஓடுற பிளாக்) போட்டு, உள்ளே நாலு இஃப் வைங்க: வலது கீ அமுங்கியிருந்தா எக்ஸ்-ஐ இவ்வளவு மாத்து, இடது கீ அமுங்கியிருந்தா இவ்வளவு மாத்து, இப்படி. அந்தத் தயக்கம் அதோட போயிடும்.

இதைச் செஞ்சதும் புதுசா ஒண்ணு முளைக்கும். மேல், வலது ரெண்டையும் ஒண்ணா அமுக்கினா ஆள் சாய்வா ஓடும்போது 6-க்குப் பதிலா சுமார் 8.5 வேகம் வரும். பசங்க இதைச் சீக்கிரமே கண்டுபிடிச்சு, மாட்டுக்கிட்ட இருந்து சாய்வாவே ஓடுவாங்க. ரெண்டு திசையும் ஒண்ணா அமுங்கியிருந்தா வேகத்தை 0.7-ஆல பெருக்கிடுங்க.

அடுத்தது "தாண்டிட்டேன், ஆனாலும் செத்துட்டேன்". ஸ்க்ராட்ச்ல தொடுதல்ங்கிறது படத்தோட ஒவ்வொரு புள்ளியையும் பார்க்கும். கொம்பு நுனி, வால் முடி, ஆளோட பை விளிம்பு எது உரசினாலும் தொட்டதாத்தான் கணக்கு. கண்ணு உடம்பைத்தான் பார்க்குது, கொம்பை இல்லை. அதனால மாட்டுக்குள்ளே ஒரு சாதாரணச் செவ்வகத்தைத் தனி ஸ்ப்ரைட்டா (தனியா நகர்த்தக்கூடிய படமா) வைங்க. உடம்போட அகலத்துலயும் உயரத்துலயும் 70 சதவீதம் போதும். அது மாட்டோடயே நகரணும், தொடுதலை அதோட மட்டும் சோதிக்கணும். ஆளுக்கும் இதே மாதிரி ஒண்ணு. இந்தச் செவ்வகத்தை "ஹைட்" பண்ணி மறைக்காதீங்க. ஹைட் பண்ணின ஸ்ப்ரைட்டை ஸ்க்ராட்ச் தொட்டதாவே எடுத்துக்காது. கோஸ்ட் எஃபெக்டை 100 ஆக்குங்க, கண்ணுக்குத் தெரியாது, தொடுதல் மட்டும் வேலை செய்யும்.

செடிக்கு நேர்மாறா பண்ணணும். தொடுற எல்லையைச் செடியைவிடக் கொஞ்சம் பெருசா வைங்க, சுத்தி 10 புள்ளி. ஆபத்து சின்னது, பலன் பெருசு. ரெண்டுலயும் சந்தேகத்தோட பலன் ஆடுறவனுக்கே போகணும். அப்பதான் தோத்தா தன் தப்புன்னு ஒத்துக்குவான்.

பறிக்கிற ஸ்பேஸ் கீயைப் பத்தி ஒண்ணு. விலை குறைஞ்ச கீபோர்டு நிறையவற்றுல மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூணையும் ஒண்ணா அமுக்கினா மூணாவது பதிவே ஆகாது. கீபோர்டோட உள் கம்பிகளை வரிசையும் நெடுக்கையுமா பகிர்ந்து போட்டிருக்கிறதால வர்ற குறை அது, உங்க ப்ரோகிராம்ல தப்பு இல்லை. பசங்க "பறிக்கவே மாட்டேங்குது"ன்னு சொல்வாங்க. ஒவ்வொரு லேப்டாப்லயும் இந்த மூணையும் அமுக்கிச் சோதிச்சுப் பாருங்க. சிக்கினா, ஸ்பேஸையே எடுத்துட்டு, செடியோரம் 0.3 விநாடி நின்னா தானா பறிக்கிற மாதிரி வைங்க. பாரம் விதி வந்த பிறகு நிக்கிறதே ஒரு விலைதான், அதனால ஆட்டம் கெடாது.

பறிச்சதும் பதில் வரணும், அதே ஃப்ரேம்லயோ அடுத்ததுலயோ. செடியோட அளவு 100-ல இருந்து 88-க்கு இறங்கி மூணு ஃப்ரேம்ல திரும்பி வரட்டும். கூடவே "டக்"குன்னு ஒரு ஒலி, 0.2 விநாடிக்குள்ளே. இங்க எல்லாரும் சறுக்குற இடம்: "ப்ளே சவுண்ட் அன்டில் டன்" பிளாக்கைப் போட்டா ஒலி முடியிற வரைக்கும் அந்த ஸ்க்ரிப்ட் நின்னுடும், ஆளும் அப்படியே நிப்பான். "ஸ்டார்ட் சவுண்ட்" பிளாக்தான் வேணும். பை நிறைய நிறைய அதே ஒலியோட பிட்ச்சை 5, 5-ஆ ஏத்துங்க. எண்ணைப் பார்க்காமலே காதுலயே தெரியும், பை கனமாகுதுன்னு.

பழைய லேப்டாப் விஷயம். விநாடிக்கு 30 ஃப்ரேம்ங்கிறது மெஷின் தாங்கினாத்தான். 20 ஆயிட்டா ஆள் மெதுவா நடப்பான், கடிகாரம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். ஒரே கேம்ல ஒரு பையன் 90 மார்க், பக்கத்து லேப்டாப்ல இன்னொருத்தி 60. அது திறமை வித்தியாசம் இல்லை. ஃபாரெவரோட தொடக்கத்துல இப்படிப் போடுங்க:

இடைவெளி = டைமர் − பழைய நேரம்
பழைய நேரம் = டைமர்
நகர்வு = 180 × இடைவெளி

இடைவெளி 0.1-க்கு மேல போனா 0.1-லயே நிறுத்துங்க, இல்லைன்னா மெஷின் ஒரு தடவை திக்கினதும் ஆள் செடியைத் தாண்டிப் பாய்வான். "ரீசெட் டைமர்" பிளாக் ஆட்டத் தொடக்கத்துல ஒரே ஒரு தடவைதான், பழைய நேரத்தையும் அங்கேயே 0 ஆக்கணும். நடுவுல எங்காவது ரீசெட் இருந்தா இடைவெளி மைனஸாகி, ஆள் பின்னாடி எகிறுவான்.

பாரக் கணக்கையும் விநாடிக்கு மாத்திக்குங்க: 180 − (பாரம் × 3.75). இருபதுக்கு 105, அரவங்காடு சொன்ன அதே எண். மாடு விநாடிக்கு 90. மாட்டையும் மறக்காம இதே முறைக்கு மாத்தணும். ஆள் விநாடிக் கணக்குல, மாடு ஃப்ரேம் கணக்குலன்னு இருந்தா மெதுவான மெஷின்ல மாடு சாதுவாயிடும்.

கடைசியா, தோத்த பிறகு மறுபடி ஆட எத்தனை நொடி ஆகுதுன்னு எண்ணிப் பாருங்க. ஒரே கீ, ஒரு விநாடிக்குள்ளே ஆட்டம் தொடங்கணும். அறிமுகப் படம், "நல்வரவு", பேர் கேக்கிறது எல்லாம் முதல் தடவை மட்டும்.

---

தாண்டிக்குடி

இருவரும் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் காட்டுமாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த ஆட்டத்தில் எதிராளி அது ஒன்றுதான். அதற்குப் புத்தி இல்லையென்றால் பாரம் விதிகூட நான்கைந்து ஆட்டங்களில் வெளுத்துவிடும்.

இடமும் வலமுமாக நடக்கிற மாட்டை ஒரு நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அதற்கு மாற்று என்று எண்ணி, மனம்போன போக்கில் திரும்பும்படி ரேண்டம் எண் கொடுப்பவர்கள் அதிகம். அது இன்னும் மோசம். காரணமே இல்லாமல் மாடு திரும்பி வந்து மோதினால், ஆடுபவர் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. மாடு ஒரு விதிக்குக் கட்டுப்பட வேண்டும், அந்த விதி ஆடுபவரின் செயலோடு பிணைந்திருக்க வேண்டும்.

1980-இல் வந்த, பாதைகளுக்குள் பேய்கள் உங்களைத் துரத்தும் பேக்மேன் ஆட்டத்தைப் பாருங்கள். நான்கு பேய்களுக்கும் ஆளுக்கொரு விதி. சிவப்புப் பேய் நீங்கள் நிற்கிற கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேய் நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். இரண்டும் சேர்ந்து மடக்குவதுபோல் தோன்றுகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதே இல்லை. அதோடு துரத்தல் ஓயாமல் நடப்பதும் இல்லை. முதல் லெவலில் 7 விநாடி மூலைகளுக்குக் கலைந்துபோகும், 20 விநாடி துரத்தும், மறுபடி கலையும். அந்த 7 விநாடி மூச்சு வாங்கும் நேரம் இருப்பதால்தான் 20 விநாடிக்கு வலு.

உங்கள் மாட்டுக்கு மூன்று நிலை போதும். முதல் நிலை மேய்தல், 6 விநாடி. அப்போது மெதுவாக, விநாடிக்கு 20 புள்ளி. இரண்டாவது, தலை தூக்கி உங்களைப் பார்த்தல், 1 விநாடி. நகராது, காஸ்டியூம் (மாட்டின் படம்) மாறும், ஒரு சீறல் ஒலி. மூன்றாவது, பாய்தல். தலை தூக்கிய கணத்தில் நீங்கள் நின்ற இடத்தை நோக்கி விநாடிக்கு 90 வேகத்தில் நேராக வரும், அந்த இடத்தை அடைந்ததும் மேய்ச்சலுக்குத் திரும்பும். நீங்கள் இப்போது இருக்கிற இடத்தைத் துரத்தக் கூடாது, அப்போது இருந்த இடத்தைத்தான். இதனால் மாட்டை வேண்டுமென்றே ஒரு மூலைக்கு வரவழைத்துவிட்டு, மறு மூலையில் பறிக்கலாம். இதைக் கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

அந்த 1 விநாடியைக் குறைக்காதீர்கள். கண்ணில் பட்டதற்கு விரல் அசைய ஏறத்தாழ கால் விநாடி ஆகும். எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவெடுக்க அதற்கு மேலும் வேண்டும். எச்சரிக்கை 0.5 விநாடிக்குக் கீழே போனால் அது எச்சரிக்கையே அல்ல, தண்டனை.

இனி உங்கள் லெவல்கள். வேகத்தை மட்டும் கூட்டினால் அதே ஆட்டம் அவசரமாக நடக்கிறது, அவ்வளவுதான். கடினம் ஆடுபவரின் வெற்றியிலிருந்து பிறந்தால் நன்றாக இருக்கும். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமாக நகரும். திரையில் வரைய வேண்டியவை குறைந்ததால் இயந்திரத்துக்கு வேலை குறைந்து தானாக நேர்ந்த வேகம் அது. ஜெயிக்க ஜெயிக்க நெருக்குகிறது. உங்கள் ஆட்டத்தில் லெவலையே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை எடை போடும்போதும் மாட்டின் மேய்ச்சல் நேரம் 0.4 விநாடி குறையட்டும். 6, 5.6, 5.2 என்று இறங்கி 2.5-இல் நிற்கட்டும்.

செடி துளிர்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. எது துளிர்க்க வேண்டும் என்பதை 1 முதல் 12 வரை ரேண்டமாக எடுத்தால் ஒரே செடி மூன்று முறை அடுத்தடுத்து வரலாம், இன்னொன்று ஆட்டம் முடியும்வரை மொட்டையாகவே நிற்கலாம். எதேச்சை என்பது அப்படித்தான் இருக்கும், ஆடுபவருக்கோ ஓரவஞ்சனையாகத் தெரியும். இப்போதைய டெட்ரிஸ்களில் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஏழும் தீர்ந்த பிறகே மறுபடி நிரப்புவார்கள். ஸ்க்ராட்ச்சில் இதற்கு ஒரு லிஸ்ட் போதும். 1 முதல் 12 வரை எண்களை நிரப்புங்கள், ஏதோ ஒரு இடத்திலிருந்து ஒன்றை எடுங்கள், எடுத்ததை லிஸ்டிலிருந்து நீக்குங்கள், காலியானதும் மறுபடி நிரப்புங்கள்.

---

கட்டபெட்டு

ரொம்ப நன்றி. கீ, செவ்வகம், டைமர், பாரம் நாலும் போட்டாச்சு. நேரத்தை 90 விநாடி ஆக்கியிருக்கோம். ரெண்டு லேப்டாப்ல ஸ்பேஸ் கீ சிக்கல் இருந்தது, தானா பறிக்கிறதுக்கு மாத்தினதும் தீர்ந்தது.

இப்ப ஒரு புதுப் பிரச்சினை. எடை ஷெட்டை ஒட்டி நாலு செடி இருக்கு. பசங்க அந்த நாலையே சுத்திச் சுத்திப் பறிச்சு, 20 ஆனதும் ரெண்டு எட்டு வெச்சு எடை போட்டுடறாங்க. மாடு இன்னும் பழைய மாதிரி நடு வரிசையிலயே நடக்குது, அந்தப் பக்கம் வர்றதே இல்லை. மார்க் எகிறுது, ஆனா மறுபடியும் சலிப்பு. தெரிஞ்சே சலிப்பான வழியில ஏன் ஆடுறாங்கன்னு புரியலை.

இன்னொண்ணு, ஒவ்வொரு தடவை எடை போடும்போதும் ஒரு பெருக்கல் கேள்வி வரணும்னு பள்ளியில கேட்கிறாங்க. வைக்கலாமா?

---

அரவங்காடு

மார்க் அதிகம் கொடுக்கிற வழியிலதான் எந்தப் பிள்ளையும் போகும் டீச்சர், சலிப்பா இருந்தாலும் போகும். அந்த வழியை அடைக்கிறது கேம் பண்றவங்க வேலை. கணக்குப் போட்டுப் பாருங்க. செடி 3 விநாடியில துளிர்க்குது. நாலு செடின்னா நிமிஷத்துக்கு 80 இலை. பை நிறைய 15 விநாடிதான். அப்புறம் எதுக்கு மத்த எட்டுச் செடிக்கு நடக்கணும்? 3 விநாடியை நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

அதை 12 விநாடி ஆக்குங்க. இப்ப நாலு செடி நிமிஷத்துக்கு 20 இலைதான் தரும். ஷெட்டோரமே கிடந்தா ஒரு பை நிறைய முழு ஒரு நிமிஷம் ஆகும், 90 விநாடியில ஒண்ணரைப் பைகூடத் தேறாது. பன்னிரண்டு செடியும் சுத்தினா 20 விநாடியில நிறையும். தூரம் போறவனுக்குத்தான் லாபம், ஆனா திரும்பி வர்ற வழி நீளம். தாண்டிக்குடி சொன்ன மாட்டையும் உடனே போடுங்க, அது ஆளைப் பார்த்து வர்றதால ஷெட்டோரமும் வரும். ஷெட்டுக்குள்ளே நிக்கிறவனை மட்டும் தொடக் கூடாது. ஆனா உள்ளேயே பதுங்கி நிக்க முடியாதபடி, எடை போட்டு 2 விநாடியில வெளியே தள்ளிவிடட்டும்.

கடைசி 10 விநாடிக்கு ஷெட்டுல மணி அடிக்கணும். 90 ஆனதும் ஷெட் மூடிடும், பையில எடை போடாம இருக்கிறது பூச்சியம். பதினாறு இலையோட மேல் மூலையில நிக்கிறவனுக்கு அந்த மணிச்சத்தம் என்ன பண்ணும்னு பாருங்க.

---

பெருமாள்மலை

பெருக்கல் கேள்வியை நடுவுல நிறுத்திக் கேட்காதீங்க. எடை போடுறதுதான் இந்த கேம்ல பலன் கிடைக்கிற இடம். அங்க தேர்வு வெச்சா, பலன் தண்டனையாயிடும். பசங்க எடை போடுறதைத் தள்ளிப்போடுவாங்க.

கணக்கு வேணும்னா ஆட்டத்துக்குள்ளேயே வைக்கலாம். பாரம் × பாரம்ங்கிற வர்க்கக் கணக்கை எடுத்துட்டு, ஷெட் மேல ஒரு விலைப் பலகை மாட்டுங்க: கிலோ 10, அப்புறம் 12, 15, 9-ன்னு 12 விநாடிக்கு ஒரு தடவை மாறட்டும். அடுத்த விலையும் சின்ன எழுத்துல பக்கத்துல தெரியணும். இப்ப பையில 14 கிலோ (பாரம் 14) இருக்கு, விலை 12, அடுத்தது 15. இப்ப போட்டா 168. காத்திருந்து அதே 14-ஐ 15-க்குப் போட்டா 210. ஆனா மாடு மேய்ச்சலை முடிக்கப் போகுது. பிள்ளை தானாவே பெருக்கிப் பார்க்கும், ஏன்னா அதுக்கு விடை தேவைப்படுது.

ஆனா ஒண்ணு. வர்க்கமும் விலையும் சேர்ந்து இருந்தா யாராலயும் மனசுல கணக்குப் போட முடியாது. ஏதாவது ஒண்ணைத்தான் வைக்கணும். வகுப்புக்கு விலைப் பலகை, வெளியில ஆட வர்க்கம்னு ரெண்டு பிரதி சேமிச்சு வெச்சுக்குங்க.

பனிமூட்டம் போடுற எண்ணம் பசங்களுக்கு வரும், நம்ம மலையாச்சே. முப்பது, நாற்பது குளோனை (ஒரே படத்தோட நகல்களை) மிதக்கவிட்டு, எல்லாத்துக்கும் கோஸ்ட் எஃபெக்ட் கொடுத்தா பழைய லேப்டாப் திணறும். ஸ்க்ராட்ச்ல மொத்தமே 300 குளோன்தான், அதுக்கு முன்னாடியே வேகம் போயிடும். திரை அகலத்துக்கு ஒரே ஒரு பனிப் படம், கோஸ்ட் 40, மெதுவா குறுக்கே நகரட்டும். மாட்டோட சீறலைப் பனியிலயும் கேக்கிற மாதிரி வைங்க. கண்ணை மறைச்சா காதைத் திறந்துவிடணும்.

---

குந்தா

எல்லாரும் எண்களைக் கொடுத்துட்டாங்க. அந்த எண்களை எப்படிச் சரிபார்க்கிறதுன்னு மட்டும் சொல்றேன்.

இதுவரைக்கும் இந்த கேமைத் தொடாத மூணு பிள்ளைகளை உட்காரவெச்சு, நீங்க பின்னாடி நின்னு வாயே திறக்காதீங்க. "அங்க போ", "ஷெட்டுக்குப் போ"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாலும் அந்தச் சோதனை வீண். எடை ஷெட் எதுக்குன்னு 20 விநாடிக்குள்ளே அதுவா கண்டுபிடிக்கலைன்னா, பை 5-ஐத் தாண்டும்போது ஷெட் மேல ஒரு அம்புக்குறி மினுங்கணும். எழுத்துல விளக்கம் எழுதாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க.

"நல்லா இருக்கா?"ன்னு கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க, டீச்சராச்சே. அதுக்குப் பதிலா, கொழுந்து கொட்டினதும் "ஏன் கொட்டுச்சு?"ன்னு கேளுங்க. "இன்னும் ரெண்டு செடி பறிச்சுடலாம்னு நினைச்சேன்"னு வந்தா கேம் சரியா இருக்கு. "மாடு சும்மா வந்து இடிச்சிடுச்சு"ன்னா எச்சரிக்கை நேரத்தைப் பாருங்க. "தெரியலை"ன்னு சொன்னா விதியே புரியலை.

கவனிச்சு எழுத வேண்டியது மூணுதான்: எத்தனை பாரத்துல எடை போடுறாங்க, எந்த விநாடியில கண்ணு திரையை விட்டுப் போகுது, முடிஞ்சதும் சொல்லாமலே மறுபடி கீயை அமுக்குறாங்களா. எடை போடுற பாரம் எல்லாருக்கும் எப்பவும் 20-ஆ இருந்தா ஆபத்து போதலை. எப்பவும் 4, 5-ஆ இருந்தா ஆபத்து அதிகம். ஒரே பிள்ளை ஒரு தடவை 8, ஒரு தடவை 17-ன்னு மாத்தி மாத்திப் போட்டா யோசிச்சு ஆடுதுன்னு அர்த்தம்.

எண்ணை மாத்தும்போது கொஞ்சம் கொஞ்சமா மாத்தாதீங்க. மேய்ச்சல் நேரம் 6-ங்கிறதை 5.5 ஆக்கினா வித்தியாசமே தெரியாது. 12 ஆக்குங்க, இல்லை 3 ஆக்குங்க. ரெண்டு பக்கமும் எங்க கெடுதுன்னு பார்த்துட்டு நடுவுல வாங்க. மூணு ஆட்டத்துல இடம் தெரிஞ்சுடும். ஒரு நேரத்துல ஒரே எண்.

நட்சத்திரத்தை எடுத்துட்டு, முடிஞ்சதும் ரெண்டே எண் காட்டுங்க: இந்த ஆட்டத்து மார்க், இதுவரைக்கும் அதிகபட்ச மார்க். 112, 118-ன்னு பக்கத்துல பக்கத்துல தெரிஞ்சா கை தானா கீக்குப் போகும்.

---

கட்டபெட்டு

துளிர் 12 விநாடி, மாடு மூணு நிலை, ஷெட் மணி எல்லாம் சேர்த்தாச்சு. எடை போடுற பாரம் 7-ல இருந்து 19 வரைக்கும் மாறி மாறி வருது. முற்றின இலை விதியை இப்பதான் போட்டோம். இளசைப் பச்சையாவும் முற்றினதைச் செம்பழுப்பாவும் வரைஞ்சிருக்கோம். ஒரு பையன் மட்டும் முற்றினதையே பறிச்சுக்கிட்டு இருக்கான், விதியைக் கேட்டா சரியாச் சொல்றான்.

---

பெருமாள்மலை

அவனுக்குப் பச்சையும் செம்பழுப்பும் பிரிச்சுத் தெரியாம இருக்கலாம் டீச்சர். ஆண்பிள்ளைகள்ல சிலருக்கு அந்தக் குறை இருக்கும், அவனைத் தனியாக் கூப்பிட்டு மென்மையாக் கேளுங்க, வீட்டுலயும் சொல்லிவைங்க. கேம்ல நிறத்தை மட்டும் நம்பாதீங்க. இளசுக்கு நடுவுல மொட்டு நிமிர்ந்து நிக்கட்டும், மேல லேசான மஞ்சள். முற்றினதுக்கு மொட்டே வேண்டாம், இலை ரெண்டும் அகலமா விரிஞ்சு தொங்கட்டும், அடர் நிறம். வரைஞ்சு முடிச்சதும் திரையை ஒரு போட்டோ எடுத்து, போன்ல கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்க. அதுலயும் ரெண்டும் பிரிஞ்சு தெரிஞ்சா எல்லாருக்கும் தெரியும்.